பழைய சுண்ணாம்புக் காரை வீட்டின் வெளிச்சுவருக்கு, குறைந்த செலவில் என்ன நிறம் அடிக்கலாம்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் தாத்தா காலத்து வீடு. முன்பகுதி சுண்ணாம்புக் காரை, பின்னால் இரண்டு அறை பிற்பாடு சிமெண்ட் பூச்சில் கட்டியது. வெளிப்பக்கம் மட்டும் அடிக்க வேண்டும். கையில் பெரிய தொகை இல்லை. எந்த நிறம் எடுத்தால் சீக்கிரம் வெளுக்காமல் இருக்கும்?

பதில்:

ஷேட் கார்டை (பெயிண்ட் கடையில் தரும் நிற மாதிரி அட்டை) மூடி வைத்துவிட்டு, ஒரு ஆணியும் செல்லோ டேப்பும் எடுத்துக்கொண்டு முதலில் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பழைய வீட்டில் என்ன நிறம் என்பதில் பாதி முடிவு சுவருடையது.

ஆணியால் கீறும்போது சுலபமாக இறங்கி வெள்ளையாக மாவு உதிர்ந்தால் அது காரை. சாம்பல் நிறத்தில் கீறல் மட்டும் விழுந்தால் சிமெண்ட். அடுத்து உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். மாவு ஒட்டினால் மேலே இருப்பது சுண்ணாம்பு, அல்லது ஸ்னோசெம் மாதிரி சிமெண்ட் பெயிண்ட், அல்லது வெயிலில் வெந்துபோன பழைய எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்). கடைசியாக ஒரு விரல் நீளம் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பழைய பூச்சு செதிலாக டேப்போடு வந்தால், அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அதுவும் இதே மாதிரி வந்துவிடும். இந்த மூன்று சோதனையையும் நான்கு பக்கமும், முழங்கால் உயரத்திலும் தலை உயரத்திலும் தனித்தனியாகச் செய்யுங்கள். கிழக்குச் சுவர் ஒரு மாதிரியும் மேற்குச் சுவர் ஒரு மாதிரியும் இருப்பது சகஜம்.

உங்கள் வீட்டின் முன்பகுதிக்கு எமல்ஷன் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரைச் சுவர் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் கக்கும். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் அஸ்திவாரத்தில் ஈரம் இல்லாத மாதம் குறைவு. போதாததற்கு, தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோடு உயர்ந்து வீட்டுத் தரை பள்ளமாகிவிடுகிறது. அந்த ஈரம் சுவர் வழியாக வெளியே வர வேண்டும். எமல்ஷன் ஒரு தோல் மாதிரி மூடிவிட்டால், ஈரத்தோடு வரும் உப்பு தோலுக்குப் பின்னால் படிந்து தள்ளும். முதலில் அப்பளம் மாதிரி கொப்புளம் வரும். இரண்டாவது மழைக்காலத்தில் கொப்புளம் உடையும்போது காரையையும் ஒரு படலம் பிய்த்துக்கொண்டு விழும். பெயிண்ட் செலவோடு பூச்சுச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

எனவே முன்னால் நிறம் கலந்த சுண்ணாம்பு, பின்னால் எமல்ஷன் அல்லது சிமெண்ட் பெயிண்ட். இரண்டும் ஒரே வீடு மாதிரி தெரிய வேண்டுமென்றால் வரிசை முக்கியம். சுண்ணாம்பை முதலில் முடித்து, ஒரு வாரம் காயவிட்டு, அந்த நிறத்தைப் பார்த்து எமல்ஷனைக் கலக்கச் சொல்லுங்கள். கடையில் உள்ள கலர் மெஷினால் சுண்ணாம்பின் நிறத்துக்கு ஏறக்குறைய ஒத்த ஷேடைக் கொண்டுவந்துவிடலாம். எமல்ஷனை முதலில் அடித்துவிட்டு அதற்குச் சுண்ணாம்பைப் பொருத்தப் பார்த்தால் நடக்காது.

சுண்ணாம்பு வேலை செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் அளவைச் சொல்லிவிடுகிறேன். 10 கிலோ நீற்றாத சுண்ணாம்புக்கு 50 லிட்டர் தண்ணீர். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது, வெள்ளை தெளிவாக வரும். இரும்பு டிரம்மில் தண்ணீர் விட்டு நீற்றுங்கள். கொதித்து எழும்பும் என்பதால் பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் ஊறவிட்டு முரட்டுத் துணியில் வடிகட்டுங்கள். பிறகு கருவேலம் பிசின் 200 கிராம் வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். சிலர் பிடிப்புக்கு உப்பு போடுவார்கள். ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) உள்ள சுவரில் போட வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற உப்பு போதும். வெறும் வெள்ளை அடிப்பதென்றால் தூள் நீலம் 30 கிராம் வரை சேர்க்கலாம். சொட்டு நீலம் வெறும் சாயம், சுண்ணாம்பில் நிற்காது.

நிறத்துக்குத் தரையில் போடும் ஆக்சைடு பொடியோ காவியோ போதும். பொடியை முந்தின இரவே தண்ணீரில் ஊற வைத்து, வடிகட்டிச் சேர்க்க வேண்டும். நேரடியாகக் கொட்டினால் கட்டி நின்று, அடிக்கும்போது சுவரில் கோடு கோடாக இழுக்கும். பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 10 கிலோவுக்கு 1 கிலோ. தாண்டினால் திண்ணையில் சாய்ந்து உட்காருகிறவர் சட்டையெல்லாம் காவி. ஈரத்தில் நிறம் பயமுறுத்துகிற அளவு அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிடும். ஒரு செங்கலில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டுக் கூட்டிக் குறையுங்கள். கடைசிக் கோட்டுக்கான (கோட்டு என்றால் ஒரு முறைப் பூச்சு) கலவை மொத்தத்தையும் ஒரே டிரம்மில் கலக்க வேண்டும். பாதியில் தீர்ந்து புதிதாகக் கலந்தால் சுவர் இரண்டு நிறமாகத் தெரியும்.

அடிக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். பால் மாதிரி தண்ணீராக மூன்று கோட்டு, ஒன்று மேலிருந்து கீழ், அடுத்தது குறுக்கே. கெட்டியாக ஒரே கோட்டில் முடித்தால் காய்ந்ததும் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். 20 அடி அகலம், 16 அடி உயரமுள்ள முகப்புக்கு 10 கிலோ சுண்ணாம்பு போதும். ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், ஆனால் செலவில் பெரும்பகுதி கூலிதான். காரை பெயர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். ஓரத்தில் பிளந்து, ஈரத்தைப் பக்கத்துக் காரைக்குத் தள்ளிவிடும். சுண்ணாம்பும் மணலும் 1:3 கலந்தே ஒட்டுப் போடச் சொல்லுங்கள்.

பின்பக்கச் சிமெண்ட் சுவரில் இதுவரை அடித்தது சிமெண்ட் பெயிண்ட் என்றால், மறுபடி அதையே அடிப்பது மலிவு. பொடி இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு விட்டுக் குழைத்து, பிறகு இன்னொரு பங்கு தண்ணீர் விட வேண்டும். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாள் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், பெயிண்டர்கள் விட்டுவிடுவது இதைத்தான். நனைக்காத சிமெண்ட் பெயிண்ட் விபூதி மாதிரி கையோடு வரும். பழைய எமல்ஷன் மேல் சிமெண்ட் பெயிண்ட் பிடிக்காது.

எமல்ஷன் என்றால் அளவைப் பார்ப்போம். இரண்டு அறையின் வெளிச்சுவர் மொத்தம் 50 அடி நீளம், கைப்பிடிச் சுவரோடு 14 அடி உயரம் என்று வைத்தால் 700 சதுர அடி. சன்னலைக் கழிக்க வேண்டாம், சன்ஷேடு அதை ஈடுகட்டிவிடும். வழவழப்பான புதுச் சுவரில் லிட்டருக்கு 55 சதுர அடி வரை இரண்டு கோட்டு வரும். பழைய சொரசொரப்பில் 45 என்று கணக்குப் போடுங்கள். 700-ஐ 45-ஆல் வகுத்தால் 16 லிட்டர் வருகிறது. 10, 4, 1, 1 என்று வாங்குவதற்கு முன் 20 லிட்டர் வாளி விலையைக் கேளுங்கள், பெரும்பாலும் வித்தியாசம் சொற்பம். எக்ஸ்டீரியர் பிரைமர் (வெளிச்சுவருக்கான அடிப்பூச்சு) ஒரு கோட்டுக்கு 8 லிட்டர். ஒரே கம்பெனியிலேயே மலிவான ஆரம்ப வகை எமல்ஷனுக்கும் உயர்ந்த வகைக்கும் லிட்டர் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசப்படும். பட்ஜெட் இறுக்கம் என்றால் பெயிண்டில் ஒரு படி இறங்குங்கள், சுரண்டுவதிலும் பிரைமரிலும் இறங்காதீர்கள். கூலியைச் சதுர அடிக்கு மொத்தமாகப் பேசாமல், சுரண்டல், கழுவல், பிரைமர் என்று தனித்தனியாக எழுதிப் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் காணாமல் போவது சுரண்டல்தான். பிரைமர் அடிக்கும் முன் மறுபடி டேப் ஒட்டிப் பாருங்கள், சுத்தமாக வந்தால் மேலே போகலாம்.

பாசி பிடித்த சுவரை வெறும் தண்ணீரில் கழுவினால் வேர் போகாது. 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்ததை மட்டும் அடித்து, இருபது நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்புப் பூத்த இடத்துக்கு இதற்கு நேர் எதிர் வைத்தியம்: தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே போட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

இனி நிறம். வெயிலில் நிற்கிற நிறங்கள் மண்ணிலிருந்து வருகிறவை: செங்காவி, மஞ்சள் காவி, பழுப்பு, சாம்பல். இரும்பு ஆக்சைடு வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அசையாது. இப்போது தெருவுக்குத் தெரு தெரிகிற ரோஜா, ஊதா, பளீர் எலுமிச்சை மஞ்சள் எல்லாம் ஷேட் கார்டில் அழகு. மேற்குச் சுவரில் இரண்டு மூன்று கோடையிலேயே வெளுத்து, சன்ஷேடுக்குக் கீழே மட்டும் பழைய நிறம் நிற்கும். வெளிர் நிறங்கள் வெள்ளை பேஸில் (சாயம் கலப்பதற்கு முந்தைய பெயிண்ட்) கொஞ்சம் சாயம் சேர்த்தால் வந்துவிடும். அடர் நிறத்துக்குத் தனி பேஸ், நிறையச் சாயம், மூடுவதற்கு மூன்றாவது கோட்டு என்று மூன்று இடத்தில் பணம் போகும். சூட்டையும் இழுக்கும்.

உங்கள் வீட்டுக்கு: சுவர் முழுக்க மஞ்சள் காவி கலந்த வெளிர் சந்தனம், சன்னல் சுற்றும் கைப்பிடிச் சுவரின் விளிம்பும் வெள்ளை, தரையிலிருந்து இரண்டரை அடிக்குச் செங்காவிப் பட்டை. அந்தப் பட்டை அழகுக்கு மட்டும் அல்ல. மழைத் தண்ணீர் தெறித்து மண் ஏறுகிற உயரம் அதுதான். ஓதத்தில் முதலில் பாழாகிற இடமும் அதுதான், அதை மட்டும் வருடா வருடம் அரை நாளில் அடித்துக்கொள்ளலாம். பட்டையின் நிறத்தை ஊர் மண்ணைப் பார்த்து வையுங்கள். திசையன்விளைத் தேரிப் (செம்மணல் மேடு) பக்கம் செங்காவி, சங்கரன்கோவில் கரிசலில் சாம்பல். தேரிக் காற்றடிக்கும் ஊரில் தூய வெள்ளை வீடு ஆடி முடிவதற்குள் இளஞ்சிவப்பாகிவிடும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரமானால் துருப்பிடிக்காமல் காக்க, பணத்தை முதலில் சன்னல் கம்பிக்குச் செலவழிக்க வேண்டும்.

கார்டில் பார்த்துப் பிடித்த நிறம் சுவரில் இன்னும் பளீரென்று இருக்கும். கார்டில் கொஞ்சம் மங்கலாக, அழுக்காகத் தெரிகிற ஷேட்தான் சுவரில் சரியாக அமையும். ஒரு லிட்டர் மட்டும் கலக்கி வாங்கி, கிழக்கிலும் மேற்கிலும் மூன்றடிக்கு மூன்றடி இரண்டு கோட்டு அடித்து, காலை, மதியம், சாயங்காலம் பாருங்கள்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். சுண்ணாம்புக்கு அது பொருந்தும், ஈரச் சுவரிலும் பிடிக்கும். எமல்ஷனுக்குப் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த தண்ணீர் மார்கழியில் சுவருக்குள்தான் இருக்கும். ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பிரைமர் அடிக்காதீர்கள். தை பாதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் சாரல் வந்துவிடும்.

சாரம் கட்டியிருக்கும்போதே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். தட்டட்டியிலிருந்து (மொட்டை மாடி) வரும் தண்ணீர்க் குழாய் சுவரை ஒட்டி ஊற்றினால் அரை அடி நீட்டுங்கள். சன்ஷேடின் அடி விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுக்கச் சொல்லுங்கள், தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். சன்னலுக்குக் கீழே விழும் கறுப்புக் கோடுகள் பாதிக்குமேல் இதிலேயே நின்றுவிடும்.

கம்பிக்கும் கதவுக்கும் ஒரு எச்சரிக்கை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எனவே காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியில் வழித்து எடுத்துவிடுங்கள். கம்பிக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, எனாமல் இரண்டு. தேக்குக் கதவு என்றால் பெயிண்டைத் தவிர்த்து ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும்.

எமல்ஷன் வாளி ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் பெரிய டிரம்மில் ஒன்றாகக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள், வாளிக்கு வாளி நிறம் இம்மி மாறும். மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அரை லிட்டரை இறுக மூடி நிழலில் வையுங்கள். அடுத்த வருடம் எலக்ட்ரீஷியன் சுவரைக் குடையும்போது தேவைப்படும்.