95 சதவீதம் தூய்மை, ஆனால் வேலை செய்யவில்லை!

கேள்வி: ஆராய்ச்சிக்கு விற்கும் மனிதப் புரதங்களை யாருடைய ரத்தத்திலிருந்தாவது எடுக்கிறார்களா?

பதில்: ரீகாம்பினன்ட் என்று போட்டிருந்தால், இல்லை. மனித மரபணுவின் பிரதியை பாக்டீரியாவுக்குள்ளோ வேறு செல்லுக்குள்ளோ நுழைத்து, அதையே புரதம் செய்ய வைக்கிறார்கள். பெரும்பாலும் புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறைக் கோத்த வால் ஒன்றை ஒட்டிவைப்பார்கள். நிக்கல் மணிகள் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: நாங்கள் வாங்கிய புரதத்தில் தூய்மை 95 சதவீதத்துக்கு மேல் என்று இருக்கிறது. செல்களில் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. ஏமாற்றுகிறார்களா? (ஆய்வு மாணவி)

பதில்: ஏமாற்று என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அந்த 95 பெரும்பாலும் ஜெல்லில் பார்த்த கணக்கு. புரதத்தை எஸ்டிஎஸ் என்ற சோப்பு மாதிரியான பொருளோடு சேர்த்துச் சூடாக்கி, அது வேலை செய்யத் தேவையான மடிப்பையெல்லாம் குலைத்து, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டு, கூமாசி நீலம் என்ற சாயத்தில் ஊறவைத்தால் ஒரே ஒரு தடித்த பட்டை தெரியும். மடிப்பைக் குலைத்த பிறகுதான் பார்க்கிறோம், அப்புறம் அது சரியாக மடிந்திருந்ததா என்று அந்தப் பட்டை எப்படிச் சொல்லும்? செயல்திறன் சோதனை தனியாகச் செய்திருக்கிறார்களா, எந்தச் செல்லில் செய்தார்கள் என்று கேளுங்கள்.

எதில் தயாரித்தது என்பதையும் பாருங்கள். இன்சுலினை 1978-லேயே ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் செய்துவிட்டார்கள், 1982-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதியும் கிடைத்தது. அது சின்னப் புரதம், சில புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியும் அதில் கிடையாது. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபோய்டின் கதை வேறு, சர்க்கரை இல்லாவிட்டால் உடம்பில் நிற்காமல் சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால் சீன ஹாம்ஸ்டர் என்ற எலியின் சினைப்பைச் செல்களில் தயாரிக்கிறார்கள். பெரிய, சிக்கலான மனிதப் புரதங்கள் ஈ.கோலையில் பல நேரம் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும், யூரியாவில் கரைத்துத் திரும்ப மடிக்க வேண்டியிருக்கும், அதில் எல்லாம் சரியாக மடியும் என்று உத்தரவாதம் இல்லை.

ஒருவேளை குப்பியிலேயே கோட்டை விட்டிருக்கலாம். உறைய வைத்து உலர்த்திய தூள் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, மூடியில் ஒட்டியிருக்கலாம். திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள், தயாரிப்பாளர் சொன்ன பஃபர் கரைசலிலேயே கரையுங்கள், சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். உருக்கி உருக்கி உறைய வைத்தால் பல புரதங்கள் தாங்காது.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறு. நோயெதிர்ப்புச் செல்களில் போட்டதும் அமர்க்களமாக வேலை செய்கிறது!

பதில்: சந்தோஷப்படும் முன் கொஞ்சம் புரதத்தைக் கொதிக்கவைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே ஆட்டம் ஆடினால், ஆடுவது அநேகமாக உங்கள் புரதம் இல்லை, ஈ.கோலையின் வெளிச்சுவரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்டோடாக்சின் என்ற நச்சு. அது சூட்டுக்கு அவ்வளவு சுலபமாக அசையாது.