சீமைத்தக்காளி

அன்புள்ள ஐயா,

ரசம் பற்றிய உங்கள் குறிப்பில் ‘தக்காளி நேற்று வந்த விருந்தாளி’ என்று எழுதியிருந்தீர்கள். அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன், மாமனார் சண்டைக்கு வந்துவிட்டார். பழைய வைத்திய ஏட்டிலேயே தக்காளி இருக்கிறது, பெயரே நல்ல தமிழ்ப் பெயர், அது எப்படி வெளிநாட்டுச் சரக்காகும் என்கிறார். இதற்கிடையில் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். ஐரோப்பியர்கள் 200 வருடம் தக்காளியை விஷம் என்று நினைத்துத் தொடவே இல்லையாம். பணக்காரர்கள் காரீயம் கலந்த தட்டில் வைத்துத் தின்று, ஈயம் புளிப்பில் கரைந்து செத்தார்களாம். எதை நம்புவது? கடைசியில், அது பழமா காயா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

மாமனார் சொல்வதில் பாதி சரி. சொல் பழையதுதான், பழம்தான் வேறு.

என் ஆச்சி கடைசிவரை ‘சீமைத்தக்காளி’ என்றுதான் சொன்னாள். சந்தைக்குக் கிளம்பும் தாத்தாவிடம், “சீமைத்தக்காளி கால் கிலோ போதும், நெறைய வாங்கி அழுக விட்டுராதீய” என்பாள். வெறுமனே தக்காளி என்றால் அவளுக்கு அது கிணற்றடியில் தானாக முளைத்துக் கிடக்கும் செடி. கருத்த பழம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. வாய்ப்புண் வந்தால் அந்தக் கீரைதான். காயை மோரில் ஊறப்போட்டு வற்றலாக்குவாள். நாம் இன்று மணத்தக்காளி என்கிறோமே, அதுதான். கப்பலில் வந்து இறங்கியதற்கெல்லாம் நம் ஆட்கள் ‘சீமை’ போட்டார்கள்: சீமையெண்ணெய், சீமைக்கருவேலம். தக்காளியில் மட்டும் அந்தச் சீமை உதிர்ந்துபோனது. இப்போது மொட்டையாகத் தக்காளி என்றால் வந்தவன்தான். ஊர்ச்செடியைத்தான் ‘மண’ சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்தவன் பெயரை எடுத்துக்கொண்டு சிங்களம்வரை போயிருக்கிறான், அங்கேயும் ‘தக்காலி’தான்.

வேடிக்கை என்னவென்றால், அதன் சொந்த ஊரிலும் இதே குழப்பம்தான். காட்டுத்தக்காளி பெரு, எக்வடோர் கரையோரச் செடி, பழம் பட்டாணி அளவு. அதைப் பெரிதாக்கி வயலுக்குக் கொண்டுவந்தவர்கள் மெக்சிகோ பக்கத்து மக்கள். அங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியில் ‘தோமாத்ல்’ என்றால் சாறுள்ள உருண்டைப் பழம் எதுவும். சிவப்புத் தக்காளிக்குத் தனியாக ‘ஷிதோமாத்ல்’ என்று பெயர் இருந்தது. ஸ்பானியர்கள் முன்னொட்டைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ‘தொமாத்தே’ ஆக்கினார்கள். மத்திய மெக்சிகோவில் மட்டும் இன்றும் சிவப்புக்கு ‘ஹிதொமாத்தே’, தோல் மூடிய பச்சைக்காய்க்கு ‘தொமாத்தே’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். அங்கேயும் ஒரு ஆச்சி இருந்திருப்பாள்.

இனி வீடியோ. ஐரோப்பாவில் தக்காளியைப் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துக் குறிப்பே அதைச் சாப்பிடுவதைப் பற்றியதுதான். 1544இல் மத்தியோலி என்ற இத்தாலிய வைத்தியர், கத்தரிக்காயைப் போல எண்ணெய், உப்பு, மிளகு சேர்த்து இதைத் தின்கிறார்கள் என்று எழுதினார். 1554 பதிப்பில் ‘பொன் ஆப்பிள்’ என்ற பெயரும் வந்துவிட்டது. பயத்துக்குச் சாட்சியாக எல்லோரும் இழுத்துவரும் ஆள் ஜான் ஜெரார்ட், லண்டன்காரர், 1597இல் மூலிகை நூல் எழுதியவர். செடி முழுக்க நாற்றம் என்று திட்டினார், உண்மைதான். ஆனால் அதே பக்கத்தில், ஸ்பெயின் போன்ற சூடான நாடுகளில் இதை மிளகு, உப்பு, எண்ணெய் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். தெற்கே ஏழைபாழைகள் தின்றுகொண்டிருந்தார்கள். வடக்கே படித்தவர்கள் பயந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நமக்குக் கிடைப்பது எழுதியவர்களின் பயம். அதை ஐரோப்பா முழுவதற்கும் நீட்டியது வீடியோக்காரர்களின் வேலை.

அந்தப் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தக்காளிச் செடியை ஒருமுறை தடவிவிட்டு விரலை மோந்து பாருங்கள். பச்சையாக, கொஞ்சம் மருந்துநெடியாக ஒரு வாடை ஒட்டியிருக்கும். அவர்கள் ஊரில் தக்காளிக் குடும்பத்துச் செடி என்றாலே பெல்லடோனாவும் மாந்திரீகத்துக்குப் பயன்பட்ட மாந்திரேக் வேரும்தான், தின்றால் ஆள் காலி. நமக்கோ அதே குடும்பத்தில் கத்தரிக்காய், தூதுவளை, கண்டங்கத்தரி என்று சமையலறையும் மருந்துப்பெட்டியும் நிறைய சொந்தம். ஊமத்தையும் அதே வீட்டுப்பிள்ளைதான், அதற்காக யாரும் கத்தரிக்காயை ஒதுக்கவில்லை.

ஈயத்தட்டுக் கதையை நான் நம்பவில்லை. காரீயம் உடம்பில் வருடக்கணக்கில் சேர்ந்து மெல்லக் கொல்லும் சங்கதி. ஒரு விருந்தில் தக்காளி தின்று விழுந்து செத்தவர் யார் என்று கேளுங்கள், கதை சொல்பவர்களிடம் ஒரு பெயர்கூட இருக்காது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்கே ஒரு பெரிய வீட்டில் விருந்து மேற்பார்வை பார்த்த அந்தோனியோ லத்தீனி 1690களில் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அதில் ‘ஸ்பானிய பாணி’ என்று ஒரு தக்காளிச் சாஸ். பழத்தைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், தைம் என்ற வாசனை இலை, உப்பு, எண்ணெய், வினிகர் சேர்க்கச் சொல்கிறார். தைம் இலையையும் வினிகரையும் எடுத்துவிட்டால் அது நம் சுட்ட தக்காளித் துவையல்! பாஸ்தாவின் தலையில் தக்காளியை ஊற்றும் பழக்கம் அதற்கு நூறு வருடம் கழித்துத்தான் வந்தது.

இந்தியாவுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்திருக்கலாம். ஆனால் அடுப்பில் ஏற நாளாகியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் வாட் என்ற தாவரவியலாளர் இந்தியப் பயிர்களைத் தொகுத்தபோது, தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராகிறது, வங்காளிகளும் பர்மியர்களும் புளிப்புக் குழம்பில் போடுகிறார்கள் என்று குறித்தார். நம்மிடையே அது தாமதமாக நுழைந்ததற்குத் தடயம் திவசச் சமையல். பல வீடுகளில் இன்றும் அன்றைக்குத் தக்காளி கிடையாது, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதுவும் கிடையாது. புளிப்புக்குப் புளி, காரத்துக்கு மிளகு. முன்னோர்களுக்கு அவர்கள் அறிந்ததைத்தான் படைக்கிறோம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, அப்போது எங்கள் வீட்டிலும் இரண்டு வாரம் திவச ரசம்தான். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, “அப்பா, இதுல என்னமோ விட்டுப்போச்சு” என்றாள்.

பழமா காயா? செடியைக் கேட்டால் பழம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இல் காய்கறி என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கு வந்ததே வரியால்தான்: அப்போது இறக்குமதிக் காய்கறிக்கு 10 சதவீத வரி, பழத்துக்கு வரி இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு ‘தக்காளிப்பழம்’ கேட்போம்.

மாமனாரிடம் அந்த ஏட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் எங்காவது வாய்ப்புண், குடல்புண் என்று இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்.