ஸ்கேட்போர்டு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மூன்று மாதமாக ஒல்லி, அதாவது கையால் பிடிக்காமல் பலகையோடு எம்பிக் குதிப்பது, பழகுகிறேன். பலகையின் பின்முனையான வால் தரையில் தட்டுகிறது, பலகை எழும்ப மாட்டேன் என்கிறது. எப்போதாவது எழும்பினாலும் ஒரு கால்தான் பலகையில் இறங்குகிறது. எங்கே தப்பு?
– பிளஸ் டூ மாணவர், களியக்காவிளை

பதில்: ஒல்லிக்கும் உடல்வாகுக்கும் சம்பந்தமில்லை தம்பி. 1970களின் கடைசியில் வளைந்த சுவர்களில் இதைச் செய்து காட்டிய ஃப்ளோரிடா பையன் ஆலன் கெல்ஃபாண்டின் பட்டப்பெயர் அது. அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தவர் ராட்னி மல்லன், 80களின் தொடக்கத்தில்.

நீங்கள் வாலை மிதிக்கிறீர்கள். மிதித்தால் எடை அங்கேயே தங்கிவிடும். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வால் எப்படி எழும்பும்? பின்காலின் முன்பாதம் மட்டும் வாலின் நடுவில் இருக்கட்டும், குதிகால் லேசாகத் தூக்கி. முன்கால், முன்பக்க போல்ட்டுகளுக்கு இரண்டு விரற்கடை பின்னால். குந்துங்கள். உடம்பு மேலே கிளம்பும்போது கணுக்காலால் வாலைச் சுண்டிவிட்டு அந்தக் காலையும் உடனே தூக்கிவிடுங்கள். ‘டக்’ என்று கேட்டால் சரி, ‘தொம்’ என்றால் மிதி. அடுத்து, முன்காலின் சுண்டுவிரல் பக்கத்தை, பலகையின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான கிரிப் டேப்பில் உரசியபடியே பலகையின் மூக்குவரை கொண்டுபோங்கள். நிமிர்ந்து நிற்கும் பலகையை மட்டமாக்குவது அந்த உரசல்தான். இன்றைக்கே ஷூவைப் பாருங்கள்: மூன்று மாதத்துக்குப் பிறகும் அந்த ஓரம் தேயவில்லை என்றால் கால் உரசவே இல்லை.

ஒரு காலில் இறங்குவது பயம். சக்கரம் உருளாத புல்தரையில் பலகையை வைத்து, நின்ற இடத்தில் குதித்து இரு பாதமும் போல்ட்டுகள்மேல் இறங்கப் பழகுங்கள். தோள் திரும்பினால் பலகையும் திரும்பும், அதையும் கவனியுங்கள். விழும்போது கையை விறைப்பாக ஊன்றாதீர்கள். மணிக்கட்டு முறிவது அப்படித்தான். முழங்கையை மடக்கித் தோள்வழியாக உருளுங்கள். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

கேள்வி: மகள் சாரலில் ஓட்டிவிட்டு வந்தாள். சக்கரம் கரகரத்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இப்போது சுற்றவே மறுக்கிறது.
– இல்லத்தரசி, செங்கோட்டை

பதில்: தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். அரை இஞ்சு ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, சக்கரத்தை ஆக்சிலின் நுனியில் சாய்த்து நெம்பினால் பேரிங் வெளியே வரும். மொத்தம் எட்டு. ரப்பர் மூடியை ஊக்கால் எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். துரு ஏறியிருந்தால் மெனக்கெட வேண்டாம்; பேரிங் கடையில் 608 என்று கேட்டால் தருவார்கள். நட்டை இறுக்கியபின் சக்கரம் மயிரிழை ஆட வேண்டும்.

பலகையையும் ஈரத்தில் விடாதீர்கள். ஏழு அடுக்கு மேப்பிள் மரம் நீர் குடித்தால் துள்ளல் போய்விடும். நெல் காயாத நாளில் சிமென்ட் களம் அருமையான இடம், பெருக்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். கடினமான 99ஏ சக்கரம் (எண் கூடக்கூடக் கடினம் கூடும்) சுண்டைக்காய் அளவு கல்லில் பட்டாலே அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் மட்டும் முன்னால் போவார். சொரசொரப்பான தார்ச்சாலைக்கு 78ஏ முதல் 87ஏ வரையிலான மெத்துச் சக்கரம்.

கேள்வி: தெருவில் பலகையோடு சுற்றுவதை விளையாட்டு என்கிறான் பேரன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வாளையார்

பதில்: பேரன் சொல்வது சரிதான் ஐயா. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே இது வந்துவிட்டது. மகளிர் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் வைத்த அந்த ஆடுகளம், நீங்கள் குறைப்படும் தெருவின் நகல்தான். இன்னொரு பிரிவான பார்க்கின் குழிகளுக்கு மூலம், 1970களில் கலிஃபோர்னியா வறட்சியில் வற்றிய நீச்சல் குளங்கள். பிள்ளைகள் அதற்குள் இறங்கிச் சுவரேறினார்கள், அனுமதி கேட்காமல்தான்.

பலகை வாங்கித் தரும் எண்ணமிருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் ட்ரக் உலோகமாக இருக்க வேண்டும், பலகையைச் சாய்த்தால் அது திரும்ப வேண்டும். பிளாஸ்டிக் ட்ரக் என்றால் அது பொம்மை. கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.