ஃபாதரைக் கேளுங்கள்: ஒளிந்திருந்த ஆயரும் காசுக்கு வாங்கிய சீட்டும்

போன இதழில், மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராக (பிஷப்) இருந்த புனித சிப்ரியானைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையை அடைத்துக் கிடக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுப் பக்கமும் அவருக்கே.

‘திருச்சபையைத் தாயாகக் கொள்ளாதவன் கடவுளைத் தந்தையாகக் கொள்ள முடியாது’ என்று எழுதியவர் அவர்தானே? மிரட்டுவது போல் இல்லையா, ஃபாதர்?
– தூத்துக்குடி வாசகி

அந்த வரியை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டினால் மிரட்டல்தான். அது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். 251-ஆம் ஆண்டு, கார்த்தேஜ் நகரம், இன்றைய துனிசியா. சபை இரண்டாக, மூன்றாக உடைந்துகொண்டிருந்தது. உடைத்தவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

முந்தைய ஆண்டு உரோமைப் பேரரசர் டேசியஸ் ஓர் ஆணை போட்டிருந்தார். பேரரசில் உள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். பலியிட்டேன் என்று அதிகாரிகளிடம் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கார்த்தேஜ் கிறிஸ்தவர்களில் பலர், யாரும் வந்து பிடிக்கும் முன்பே கோவில் மேட்டுக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது என்று அதிகாரிகள் தள்ளிப் போட, “இன்றைக்கே முடித்துவிடுங்கள்” என்று கெஞ்சியவர்களும் உண்டு என்று சிப்ரியானே வயிறெரிந்து எழுதுகிறார். (‘நாளைக்கு வா’ என்கிற அலுவலகச் சொல்லுக்கு வயது 1,770-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இன்னும் சிலர் கெட்டிக்காரர்கள். பலியிடவில்லை, காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சரி, புயல் ஓய்ந்தது. இத்தனை பேரும் சபையின் வாசலுக்குத் திரும்பி வந்து நின்று நற்கருணை (திருவிருந்து அப்பம்) கேட்டார்கள். என்ன செய்வது? சிப்ரியான் ஒற்றுமை, ஒழுங்கு என்று பேசியதெல்லாம் இந்த வாசலில் நின்றுகொண்டு பேசியது.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கும்?
– மணப்பாறை வாசகர்

எகிப்தின் மணலில் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்று 250 ஜூன் 26 தேதியிட்டது. மனுதாரர் அவ்ரேலியுஸ் தியோகெனஸ், தந்தை சதபூஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஆணைப்படி பலியிட்டேன், பானப் படையல் ஊற்றினேன், படையலைச் சுவைத்தேன், சான்றளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கீழே அதிகாரியின் கையொப்பம். நம் பள்ளிச் சான்றிதழில் மச்சம் குறிப்பார்களே, அப்படித்தான். இவரைக் கிறிஸ்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆணை எல்லோருக்கும் பொது. முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்தி வாங்கிய சீட்டுகூடக் கிடைத்திருக்கிறது!

தவறியவர்களை மன்னித்துச் சேர்த்துக்கொண்டிருக்கலாமே. இயேசு அதைத்தானே செய்திருப்பார்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

அப்படிச் சொன்னவர்கள் அங்கேயே இருந்தார்கள். விசுவாசத்துக்காகச் சிறையில் அடிபட்டவர்களிடம் போய்த் தவறியவர்கள் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார்கள். சிறையில் இருந்தவர்கள் மீது ஊருக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் சில கடிதங்களில் ‘இவரை இவரைச் சேர்ந்தவர்களோடு ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் இருந்தது. இப்படி எழுதினால் இருபது முப்பது பேர் ‘நானும் சேர்ந்தவன்தான், மாமன் மச்சான், வேலையாள்’ என்று வந்து நிற்பார்களே, பெயர் போட்டு எழுதுங்கள் என்று சிப்ரியான் பதில் எழுதினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த முதல் ஊரில், நிவாரண அரிசிக்கு ‘இதைக் கொண்டுவருபவருக்கும் குடும்பத்தாருக்கும்’ என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டுச்சீட்டு கொடுப்பார். ஒரே சீட்டுக்கு ஒரு தெருவே வரிசையில் நின்றது. நானும் போட்டுவிட்டேன். மதியத்துக்குள் மூட்டை காலி. நிஜமாகவே பசியோடு கடைசியில் வந்த கிழவிக்குக் கொடுக்க ஒரு படி இல்லை.

கார்த்தேஜில் பெலிசிசிமுஸ் என்ற திருத்தொண்டரின் (டீக்கன்) கட்சி, எல்லோரையும் உடனே சேர் என்றது. உரோமையில் நொவாசியான் என்ற குரு, ஒருவரையும் எப்போதும் சேர்க்காதே என்று சொல்லி, ஆயர் கொர்னேலியுவுக்குப் போட்டியாகத் தானே ஆயரானார். வேடிக்கை என்னவென்றால், கார்த்தேஜின் ‘எல்லோரையும் சேர்’ கட்சியில் இருந்த நொவாத்துஸ் என்ற குரு கப்பலேறி உரோமை போய், ‘ஒருவரையும் சேர்க்காதே’ கட்சியில் சேர்ந்துகொண்டார். கொள்கை எப்படிப் போனாலும் ஆயருக்கு எதிர்க்கட்சி என்றால் போதும் அவருக்கு.

251-ல் ஆப்பிரிக்க ஆயர்கள் கூடி, ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகக் கேட்பது என்று முடிவெடுத்தார்கள். சீட்டு மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் தவ வாழ்வில் நிற்க வேண்டும், சாகும் தறுவாயில் சேர்த்துக்கொள்வதைத் தடுக்கக் கூடாது. ஏன் தனித்தனியாக? அந்தோனியானுஸ் என்ற ஆயருக்கு எழுதிய கடிதத்தில் காரணம் இருக்கிறது. கூப்பிட்டவுடன் துள்ளி ஓடியவனும், நெடுநேரம் போராடி முடியாமல் விழுந்தவனும் ஒன்றா? தன்னோடு வீட்டார் எல்லோரையும் இழுத்துப் போனவனும், தான் ஒருவனாகப் போய்ப் பலியிட்டு மனைவி மக்களைக் காப்பாற்றியவனும் ஒன்றா? கதவை மொத்தமாகத் திறப்பவருக்கும் மொத்தமாகச் சாத்துபவருக்கும் இந்தக் கேள்வியே கிடையாது. எனக்குச் சிப்ரியானைப் பிடித்துப் போனது இந்த இடத்தில்தான். பின்னர் புதிய கலாபனை (கிறிஸ்தவர்கள் மீதான துன்புறுத்தல்) வரும் போலிருந்தபோது, தவத்தில் நின்ற பலிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நிராயுதபாணியாகப் போருக்கு அனுப்பக் கூடாது என்பது காரணம்.

ஆடுகளை விட்டுவிட்டு ஓடி ஒளிந்தவர் ஒழுங்கு பேசலாமா?
– ஆசிரியர் ஒருவர், திண்டுக்கல்

சூடான கேள்வி. டேசியஸின் ஆணை வந்தபோது சிப்ரியான் மறைவிடத்துக்குப் போனது உண்மைதான். இதையே உரோமைக் குருக்கள் அப்போதே கேட்டார்கள். அவர்களுடைய ஆயர் ஃபாபியான் 250 ஜனவரியில் உயிர் கொடுத்திருந்தார். ஆடுகளுக்காக உயிர் கொடுக்கும் நல்ல ஆயன், ஓநாயைக் கண்டு ஓடும் கூலியாள் என்று யோவான் நற்செய்தியைச் சுட்டி, குத்தலாக ஒரு கடிதம் கார்த்தேஜுக்கு வந்தது. சிப்ரியான் அதை அப்படியே திருப்பி அனுப்பினார்: ‘கையெழுத்து, விஷயம், ஏன் காகிதமே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, இது நீங்கள் எழுதியதுதானா, பார்த்துச் சொல்லுங்கள்.’ முன்னாளில் சொற்கலை ஆசிரியர் அல்லவா!

ஒளிந்திருந்தாலும் கடிதம் மேல் கடிதமாகச் சபையை நடத்தினார். ஆயரான நாள் முதல் உங்கள் ஆலோசனையும் மக்கள் சம்மதமும் இல்லாமல் எதையும் என் இஷ்டத்துக்குச் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன் என்று குருக்களுக்கு எழுதியதும் அந்த மறைவிடத்திலிருந்துதான். ஓடியது சரியா என்றால், அந்தக் குத்தல் அவருக்குக் கடைசிவரை வலித்திருக்கும் என்று மட்டும் நான் நினைக்கிறேன்.

திருத்தந்தையோடு சண்டை போட்டவர் என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

போட்டார். பிரிந்து போன குழுவில் திருமுழுக்குப் பெற்றவர் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டும் என்றார் சிப்ரியான். தேவையில்லை என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான், அதாவது அன்றைய திருத்தந்தை. 256 செப்டம்பர் 1 அன்று கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சிப்ரியான் பக்கம் நின்றார்கள். நம்மில் யாரும் ஆயர்களுக்கு ஆயராகத் தன்னை வைத்துக்கொள்வதில்லை என்று கூட்டத்தைத் தொடங்கினார் அவர். பிற்காலத் திருச்சபை ஸ்தேவான் சொன்னதையே எடுத்துக்கொண்டது. ‘பாப்பா’ (இன்று திருத்தந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல்) என்ற பட்டம் அன்று சிப்ரியானுக்கும் உண்டு என்பது உபரித் தகவல்.

கொலையாளிக்கே காசு கொடுத்தார் என்பது உண்மையா?
– பல வாசகர்கள்

அவருடைய மரண விசாரணைக் குறிப்பிலேயே இருக்கிறது. 258 செப்டம்பர் 14. இந்த முறை அவர் ஓடவில்லை. ஆளுநர் கலேரியுஸ் மாக்சிமுஸ் உடம்பு சரியில்லாமல் இருந்தார்.

“பலியிடு.”

“செய்ய மாட்டேன்.”

“யோசித்துக்கொள்.”

“உனக்கு இட்ட கட்டளையைச் செய். இவ்வளவு தெளிவான விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை.”

தீர்ப்பு வாசித்ததும் “கடவுளுக்கு நன்றி” என்றார். வெட்டுபவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். மக்கள் அவர் முன்னால் துணிகளை விரித்தார்கள். கண்ணைத் தானே கட்டிக்கொண்டார். கைகளைத் தானே கட்ட முடியாமல் போக, யூலியான் என்ற குருவும் அதே பெயருள்ள துணைத் திருத்தொண்டரும் கட்டிவிட்டார்கள். இரவில் மெழுகுவத்தியும் தீப்பந்தமுமாக உடலை எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். சில நாளில் ஆளுநரும் இறந்துபோனார் என்ற ஒற்றை வரியோடு குறிப்பு நிற்கிறது.