தலை மூடாத கரு: மரபணுவின் வேலையா, அளவின் வேலையா?

கேள்வி: பெங்களூரில் பழ ஈ ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறேன். எலாவ்-கேல்4 ஈயை (நரம்புச் செல்களில் கேல்4 என்ற 'சுவிட்ச்' புரதம் உண்டாகும் ஈ) எங்கள் மரபணுவின் யூ.ஏ.எஸ். ஈயோடு (கேல்4 வந்தால் அந்த மரபணுவை மிகையாக இயக்கும் ஈ) 29 டிகிரியில் கிராஸ் செய்தேன். பாதி முட்டைகள் பொரிக்கவில்லை. சில கருக்களில் தலை உள்ளே மடியாமல் திறந்தே இருக்கிறது. நரம்பு மண்டலமும் கலைந்திருக்கிறது. இது தலையை உருவாக்கும் மரபணு என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தலையின் அடிப்படை வரைபடத்தை பைகாய்டு போன்ற மரபணுக்கள் முதல் சில மணி நேரத்திலேயே போட்டுவிடுகின்றன. எலாவ்-கேல்4 விழித்துக்கொள்வது நரம்புச் செல்கள் உருவாகும்போதுதான். அதற்குள் வரைபடம் முடிந்துவிடும். தலை உள்ளே மடிவதோ வெகு தாமதம், கரு வளர்ச்சியின் 14ஆம் கட்டத்தில்தான் தொடங்கும். அதற்குமுன் கருவில் ஏதேனும் பிசகினால் இந்த மடிதலும் எளிதில் அடிவாங்கும். செல்களைச் சாகவைக்கும் ஹிட் மரபணு இல்லாத கருவிலும் தலை இப்படித்தான் திறந்து நிற்கும்.

'பாதி' என்கிறீர்களே, பெற்றோரில் ஒன்று பேலன்சரோடு (ஜோடியில் மறு குரோமோசோமாக வைக்கும், மாற்றியமைத்த அடையாளக் குரோமோசோம்) இருக்கிறதா? இருந்தால் பாதிக் கருக்களில்தான் கேல்4-உம் யூ.ஏ.எஸ்.-உம் சேரும். ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) உள்ள பேலன்சருக்கு மாறுங்கள். பச்சையாக மின்னும் கருக்களில் இரண்டும் சேராது; அவைதான் அதே தட்டில், அதே சூட்டில் வளர்ந்த உங்கள் கன்ட்ரோல் (ஒப்பீடு). பொரிக்காதவற்றில் கருவுறாத முட்டைகளையும் கழித்துவிடுங்கள்.

அப்புறம் சூடு. கேல்4 ஈஸ்ட்டிலிருந்து வந்த புரதம். 18 டிகிரியில் மந்தம், 29-இல் உச்சம்; அதாவது சூடு கூடக்கூட உங்கள் மரபணுவின் அளவும் கூடும். அதே கிராஸை 18, 25, 29 மூன்றிலும் வையுங்கள். 18-இல் கரு வளர 25-ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரமாகும், ஆகவே மணிக்கணக்கைப் பார்க்காமல் உருவத்தைப் பார்த்துக் கட்டம் சொல்லுங்கள். பெங்களூர்தானே என்று குப்பிகளை மேசையில் விடவேண்டாம். இங்கே டிசம்பர் இரவும் ஏப்ரல் மதியமும் ஒன்றல்ல.

நரம்பு மண்டலம் 'கலைந்திருக்கிறது' என்றால் போதாது. நரம்பு இழைகளில் ஒட்டும் பி.பி.102 ஆன்டிபாடி போட்டால் ஆக்சான்கள் (நரம்புச் செல்லின் நீண்ட இழைகள்) ஏணிபோலத் தெரியும். குறுக்குச் சட்டங்கள் தடித்து, நெடுக்குச் சட்டங்கள் மெலிந்து நடுக்கோட்டை நெருங்கியிருந்தால் ரோபோ-ஸ்லிட் பாதையை (ஆக்சான்களை நடுக்கோட்டிலிருந்து விலக்கும் சமிக்ஞை) சந்தேகியுங்கள். ரோபோவை அடக்கும் காம் மரபணுவை நரம்புகளில் மிகையாக்கினால் வருவது இந்தத் தோற்றம்தான். எலாவ் (நரம்புச் செல்லின் அடையாளப் புரதம்) குறைந்து ரெப்போ (கிளியா எனும் துணைச் செல்லின் அடையாளப் புரதம்) கூடியிருந்தால் கதையே வேறு: நரம்புச் செல்லாக வேண்டியவை கிளியாவாக மாறுகின்றன. ஜிசிஎம் மரபணு அப்படிச் செய்யும் என்று 1995இலேயே காட்டிவிட்டார்கள். ஆகவே எலாவ், ரெப்போ இரண்டையும் ஒரே கருவில் சாயமிட்டு, 16ஆம் கட்டத்தோடு 12, 13ஆம் கட்டங்களையும் பாருங்கள். நரம்புக் கோளாறு தலைக்கு முன்பே தெரிந்தால், தலை அதன் பின்விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மிகையாக்கினால் தெரிவது அந்த மரபணுவால் என்ன முடியும் என்பதுதான். இயல்பில் என்ன செய்கிறது என்று அறிய அதை நீக்கிப் பார்க்கவேண்டும். அதற்கு ஆர்.என்.ஏ.ஐ. (மரபணுவின் ஆர்.என்.ஏ. செய்தியை அழித்து அதை அடக்கும் முறை) மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். தாய் ஈ முட்டையில் வைத்துவிட்டுப் போன புரதத்தை அது தொடாது. அந்த மரபணு அறவே செயலிழந்த முழு மியூட்டன்ட்டே தேடுங்கள். முடிந்தால் தாயின் பங்கையும் சேர்த்து நீக்குங்கள்.