நாரையும் நகைச்சுவையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் சென்னையில் படத்தொகுப்பாளர். சில வருடம் காடு, பறவை என்று ஆவணப்படங்கள். இப்போது நகைச்சுவை வெப்சீரிஸ். அடுத்து மறுபடியும் ஆவணப்படமாம். ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஒன்றில் ஊன்றி நின்றால்தானே பெயர் வரும்?

ஆர்., பள்ளத்தூர்

அன்புள்ள ஆர்.,

எடிட்டர் பெயரை டைட்டிலில் யார் நின்று படிக்கிறார்கள்? அதை விடுங்கள். உங்கள் மகள் பார்ப்பது பெரும்பாலும் ஒரே வேலைதான்.

வேட்டங்குடி சரணாலயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுகுடிப்பட்டி அங்கேதான் இருக்கிறது. கண்மாயில் சாம்பல் நாரை அசையாமல் நிற்கும், நிற்கும், சட்டென்று ஒரு கொத்து. அந்த நிற்பைத் திரையில் எவ்வளவு நேரம் விட்டால் பார்ப்பவர் சலிக்காமல் காத்திருப்பார் என்பதை எடிட்டர்தான் முடிவு செய்கிறார். நகைச்சுவையிலும் அதே கணக்கு. வசனம் முடிந்ததும் எதிராளி முகத்தில் எத்தனை ஃப்ரேம் நிற்பது? நொடிக்கு 24 ஃப்ரேம். கால் நொடி கூடினாலே சிரிப்பு போய்விடும். நாரையோடு பழகிய கை இங்கே அவசரப்பட்டு வெட்டாது.

பிரிகிற இடம் ஒன்று உண்டு. ரஷ்யாவில் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் நூறு வருடம் முன்பு ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு ஒரே முகம் பசியாகவும் துக்கமாகவும் தெரிந்தது. நகைச்சுவை இதில்தான் பிழைக்கிறது. காலையில் எடுத்த முழியை மாலை வசனத்துக்கு ஒட்டலாம், யாருக்கும் நஷ்டமில்லை. நாரைக்கு அப்படிச் செய்தால் அது பொய்ச் சாட்சி. 1958-ல் டிஸ்னியின் ஆர்க்டிக் ஆவணப்படம் ஒன்று, லெம்மிங் என்ற எலி போன்ற பிராணிகள் கூட்டமாகக் கடலில் குதித்துச் சாவதாகக் காட்டியது. ஆஸ்கரும் வாங்கியது. படக்குழுவே ஜோடித்த காட்சி அது என்று 1982-ல் கனடா தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. அந்தப் புளுகை இன்றும் உண்மை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். (சிறகடிப்பு ஓசைக்கு ஸ்டூடியோவில் கையுறையை உதறுகிறார்கள். அதை நான் மன்னித்துவிடுவேன்.) இரண்டு பக்கமும் வேலை செய்தவருக்கு எந்த ஒட்டு விளையாட்டு, எந்த ஒட்டு மோசடி என்று கண்ணுக்குப் பிடிபடும். ஆவணப்படம் மட்டுமே செய்கிறவர்களில் சிலர் தாங்கள் ஒட்டுவதையே மறந்துபோகிறார்கள்.

ஊன்றி நிற்பது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பக்கத்து ஊர், கோட்டையூர் ஏ.கே. செட்டியாரை எதில் ஊன்றியவர் என்பீர்கள்? பயணக் கட்டுரை எழுதினார், 'குமரி மலர்' பத்திரிகை நடத்தினார், நாடு நாடாக அலைந்து காந்தியைப் பற்றி 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். 1940-ல் வெளிவந்த படம் 12,000 அடி. ஒன்பது மணி நேரத்தை இரண்டே கால் மணியாக்கியிருக்கிறார்கள். மிச்சத்தை விட எவ்வளவு மனம் வலித்திருக்கும்!

ஊரில் கேட்டால் 'எடிட்டர்' என்று மட்டும் சொல்லுங்கள், போதும். அடுத்த ஆவணப்படம் எதைப் பற்றி என்று மகளிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.