எனிமா மட்டும் போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. மலத்தோடு ரத்தம் போகிறது. மதுரையில் காலை 11 மணிக்குக் கொலோனாஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) வைத்திருக்கிறார்கள். சந்தேகம் மலக்குடலில்தான் என்றால், 2 லிட்டர் பேதி மருந்து எதற்கு? எனிமா போதாதா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: மலக்குடல் என்பது கடைசி 15 செ.மீ. அளவுதான். அதை மட்டும் பார்க்க எனிமா போதும். ஆனால் அங்கே ஒரு கட்டி இருந்தால் மேலே பெருங்குடலில் இன்னொன்றும் இருக்கலாம். சிறுகுடல் வந்து சேரும் இடம் வரை பார்த்தாக வேண்டும். மேலே மலம் தேங்கியிருந்தால் எரியக்கூடிய வாயுவும் இருக்கும். அந்த நிலையில் மின்சூட்டால் கட்டியை வெட்டுவது ஆபத்து.

ஆரம்ப நிலைப் புற்று எப்போதும் காளான்போல் எழும்பி நிற்பதில்லை. சில நேரம் தட்டையாகப் படர்ந்திருக்கும். லேசான சிவப்பு, அந்த இடத்தில் மட்டும் மறைந்துபோன ரத்தநாளக் கோடுகள், அடையாளம் அவ்வளவுதான். மெல்லிய மலப்பூச்சு இருந்தாலே கண்ணுக்குத் தப்பிவிடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி உறிஞ்சலாமே என்றால், தக்காளித் தோலும் கொய்யா விதையும் உறிஞ்சும் குழாயை அடைத்துக்கொள்ளும்.

எனவே இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, மாதுளை, கம்பு, கேழ்வரகு வேண்டாம். முதல் நாள் இட்லி, இடியாப்பம், குழைந்த வெள்ளைச் சோறு போதும். மருந்து ஆரம்பித்த பிறகு தெளிந்த பானங்கள் மட்டும்: இளநீர், பால் விடாத டீ. சிவப்புச் சர்பத் ரத்தம்போலத் தெரியும், தவிர்க்கவும். ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் சோதனை முடிந்த பிறகு!

மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிப்பதுதான் முக்கியம். 1 லிட்டர் முந்தைய இரவு 7 மணிக்கு. மீதி 1 லிட்டர் காலை 5 முதல் 7 வரை. கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 250 மி.லி. மொத்தத்தையும் இரவிலேயே முடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் வலப்பக்கக் குடலில் மீண்டும் படிந்துவிடும். வாந்தி வந்தால் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாகத் தொடரலாம். 9 மணிக்குப் பிறகு தண்ணீரும் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாகப் பிசுபிசுக்க வைக்கும். 5 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இவற்றை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரக, இதயக் கோளாறு இருந்தால் மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

விடிகாலையில் மருந்து குடித்துவிட்டு உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார முடியாது. முதல் நாளே மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், அல்லது மதியத்துக்கு நேரம் கேளுங்கள்.

கடைசியாகப் போவது சிறுநீர்போல வெளிர்மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் உள்ளே போகுமுன் நர்ஸிடம் சொல்லுங்கள். பாதி தெரிந்தும் தெரியாமலும் பார்ப்பதைவிடத் தள்ளிப்போடுவது மேல். ரிப்போர்ட்டில் குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்கான 'பாஸ்டன்' மதிப்பெண் இருக்கிறதா பாருங்கள்: குடலின் மூன்று பகுதிக்கும் தலா 0 முதல் 3. ஒவ்வொன்றும் 2-க்குக் குறையக்கூடாது.

கேள்வி: மூலம் என்று சொல்லி மருந்து சாப்பிடுகிறேன். இருந்தும் கொலோனாஸ்கோபி தேவையா?
- வாசகர், மேலூர்

பதில்: மூலம் இருப்பவருக்குப் புற்று வராது என்று எந்த விதியும் இல்லை. வயது 45-ஐத் தாண்டியிருந்தாலும், மலம் முழுதாக வெளியேறாத உணர்வு, ரத்தசோகை, எடை குறைவு இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் டாக்டர் விரல் விட்டுப் பரிசோதிக்கட்டும். கூச்சப்பட்டு அதை மறுப்பவர்கள் அதிகம். கைக்கெட்டும் கட்டி தவறிப்போவது அப்படித்தான்.